நவாஹோ கேங்மேன்களும் அவர்களின் சடங்குகளும்

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் தென்மேற்கில் தண்டவாளம் போட்டவர்களிலும் பழுது பார்த்தவர்களிலும் நவாஹோ என்ற பூர்வகுடி மக்கள் ஏராளம். மாதக்கணக்கில் ஊரைவிட்டுப் போய்ச் செய்த அந்த வேலையில் அவர்களுடைய பழைய சமயத்துக்கு என்ன பங்கு? ரயில் வேலை அந்தச் சமயத்தை அழித்துவிட்டதா?

அழிக்கவில்லை. பல குடும்பங்களில் சடங்குகளுக்குப் பணம் கொடுத்ததே ரயில் சம்பளம்தான். இன்னொன்றும் உண்டு. இந்தச் சமயம் அவர்களுக்கு வெறும் மன ஆறுதலாக இருக்கவில்லை. வேலைக்குக் கிளம்பும் முன் செய்யும் ஆயத்தமும், திரும்பி வந்தபின் செய்யும் பழுதுபார்ப்பும் அதுவே. ஹெல்மெட்டையும் பூட்ஸையும் எடுத்து வைப்பது போலச் சடங்குக்கான மகரந்தப் பையையும் எடுத்து வைத்தார்கள். இதை விட்டுவிட்டுப் பார்த்தால் மற்ற எதுவும் சரியாகப் புரியாது.

முதலில் சொல் விஷயம். நவாஹோக்கள் தங்களை டினே என்று சொல்லிக்கொள்வார்கள். மக்கள் என்று பொருள். 'சமயம்' என்பதற்கு நேரான தனிச்சொல் அவர்கள் மொழியில் இல்லை. எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கும் சொல் ஹோஜோ. அழகு, ஒழுங்கு, நலம், இணக்கம் எல்லாம் சேர்ந்தது அது. தமிழில் 'சீர்' என்ற சொல் ஓரளவு கிட்டே வரும். ஒருவருக்கு நோய் வந்தாலும், விபத்து நடந்தாலும், குடும்பத்தில் சண்டை மூண்டாலும் எங்கோ சீர் கெட்டிருக்கிறது என்று கொள்வார்கள். சடங்கு அதைத் திருத்துகிறது. சடங்கை நடத்துபவர் ஹதாலி, அதாவது பாடகர். நூற்றுக்கணக்கான பாடல்களை ஒரு சொல்கூட மாறாமல் மனப்பாடமாகப் பாட வேண்டும் என்பதால் பெரும்பாலான ஹதாலிகள் வாழ்நாளில் ஒரு சில சடங்குகளை மட்டுமே கற்றுத் தேர்கிறார்கள்.

ரயிலோடு அவர்களுக்கு உறவு ஏற்பட்டது ஓர் ஒப்பந்தத்தில். 1864-ல் அமெரிக்கப் படை நவாஹோக்களைப் பிடித்து, 300 மைலுக்கு மேல் நடக்கவைத்து, நியூ மெக்சிகோவின் கிழக்குப் பகுதியில் போஸ்க் ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்தது. 4 ஆண்டுகள் பட்டினியிலும் நோயிலும் கிடந்தபின், 1868 ஜூன் 1-ல் கையெழுத்தான ஒப்பந்தம் அவர்களைச் சொந்த மண்ணுக்குத் திருப்பி அனுப்பியது. அதே ஒப்பந்தத்தின் 9-வது பிரிவில், ரயில்பாதை போடுவதை எதிர்க்க மாட்டோம் என்ற வாக்குறுதியும் வாங்கிக்கொள்ளப்பட்டது. அப்போது அந்த வட்டாரத்தில் ஒரு அடி தண்டவாளம்கூடக் கிடையாது.

அட்லாண்டிக் அண்ட் பசிஃபிக் என்ற ரயில் கம்பெனி 1880-ல் அல்புகர்க்கிக்குத் தெற்கே உள்ள இஸ்லெட்டாவிலிருந்து மேற்கே பாதை போடத் தொடங்கியது. 1881-ல் காலப், 1883-ல் கொலராடோ ஆற்றங்கரை நீடில்ஸ். காலப் என்ற ஊருக்குப் பெயர் வந்ததே அங்கே சம்பளம் பட்டுவாடா செய்த டேவிட் காலப் என்பவரால்தான். ஆனால் நவாஹோக்கள் அந்த ஊரை நநிஜோஜி, அதாவது பாலம் என்றுதான் அழைப்பார்கள். அந்தக் கம்பெனிக்கு அரசு கொடுத்த மானியத்தில் பாதையின் இரு பக்கமும் ஒன்றுவிட்டு ஒரு சதுர மைல் நிலம் போயிற்று. சதுரங்கப் பலகை மாதிரி துண்டாடப்பட்ட அந்த நிலத்தில் ஆடு மேய்ப்பது இன்றைக்கும் வழக்கும் வம்பும்தான். பாதை போட்ட நாட்களிலேயே சில நவாஹோக்கள் மண்வேலைக்குக் கூலிக்குப் போனார்கள். அந்தக் கம்பெனி பின்னர் சாண்டா ஃபே என்ற பெரிய ரயில் கம்பெனியின் கைக்குப் போனது. 1990-களின் நடுவில் நடந்த இணைப்புக்குப் பிறகு அந்த ரயில் கம்பெனியின் பெயர் பி.என்.எஸ்.எஃப்.

கூட்டம் கூட்டமாக அவர்கள் ரயில் வேலைக்குப் போனது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. காரணம் ஆடு. 1933 முதல், நிலம் தாங்காது, மண் அரித்துக்கொண்டு போகிறது என்று சொல்லி, ஜான் காலியர் தலைமையிலான 'இந்தியர்' (அதாவது அமெரிக்கப் பூர்வகுடியினர்) விவகாரத் துறை மந்தைகளைக் குறைக்கத் தொடங்கியது. பிடித்த ஆடுகளைச் சில இடங்களில் அங்கேயே சுட்டுப் போட்டார்கள். ஆட்டை நம்பிப் பிழைத்த குடும்பத்துக்கு அதன்பின் கூலியைத் தவிர வேறு வழியில்லை. அடுத்து இரண்டாம் உலகப் போர். ஆள் பஞ்சம். ரயில் கம்பெனிகள் ஒரு பக்கம் மெக்சிகோவிலிருந்து தற்காலிக ஒப்பந்தத்தில் ஆட்களைக் கொண்டுவந்தன, இன்னொரு பக்கம் நவாஹோ பகுதியில் ஆள் எடுத்தன. போர் முடிந்ததும் மெக்சிகோ ஒப்பந்தம் முடிந்தது. நவாஹோக்கள் வேலையில் நிலைத்துவிட்டார்கள். 1950-களில் ஆயிரக்கணக்கான ஆண்கள் கலிஃபோர்னியாவிலிருந்து கான்சஸ் வரை பாதையில் இருந்தார்கள்.

ஆள் எடுத்தது எப்படி என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரயில்வே ஓய்வூதிய வாரியம் என்ற மத்திய அரசு அமைப்பு 1935-ல் வந்தது. 1938-ல் ரயில்வே தொழிலாளருக்கென்று தனி வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆள் சேர்ப்பதும், வேலை நின்ற மாதங்களில் உதவித்தொகை கொடுப்பதும் வாரியத்தின் கையில். நவாஹோ பகுதியில் அதன் முகவர் யார்? பெரும்பாலும் அந்தந்த ஊர் டிரேடிங் போஸ்ட் கடைக்காரர். மாவு, சர்க்கரை, காபி எல்லாவற்றையும் கடனுக்குக் கொடுப்பவர் அவர்தான். வேலைக்கு ஆள் அனுப்புபவரும் அவர். வேலையில்லை என்று படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுபவரும் அவர். காசோலை வந்து சேரும் முகவரியும் அவர் கடை. காசோலை கடன் கணக்கில் கழிந்துவிடும். கையில் ரொக்கம் தங்காது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் விசாரணை நடத்தும் அளவுக்கு இந்தப் புகார்கள் பெருகின. இருந்தாலும் கடைக்காரரை முழுக்க வில்லனாக்கிவிடவும் முடியாது. அடகில் கிடக்கும் பச்சைக்கல் மாலையையும் வெள்ளி ஒட்டியாணத்தையும் சடங்கு நாளுக்கு மட்டும் இரவலாகக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கி வைக்கும் வழக்கம் பல கடைகளில் இருந்தது. நகையில்லாமல் சடங்கில் போய் நிற்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

இனி வேலை. அமெரிக்கப் பிரதானப் பாதையில் கட்டை ஸ்லீப்பர்கள் நடுவுக்கு நடு 19½ அங்குலத்தில் கிடக்கும். கணக்குப் போட்டால் ஒரு மைலுக்கு சுமார் 3,250 கட்டை. எட்டரை அடி நீளம், 7 அங்குலத் தடிமன், 9 அங்குல அகலத்தில், மரம் அரிக்காமல் இருக்க கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய ஓக் கட்டை சுமார் 100 கிலோ இருக்கும். கட்டைக்குக் குறைந்தது 4 ஆணி என்றால் மைலுக்கு 13,000 ஆணி. பழைய முறையில் தண்டவாளம் 39 அடித் துண்டுகளாக வரும். கெஜத்துக்கு 136 பவுண்டு எடையுள்ள இன்றைய வகையில் அப்படி ஒரு துண்டு 800 கிலோ. இயந்திரங்கள் வருமுன் இதையெல்லாம் இடுக்கியாலும் கடப்பாரையாலும் 10 பவுண்டு சுத்தியலாலும்தான் செய்தார்கள். கிரியோசோட் தோலில் பட்டு அதன்மேல் வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி எரியும். ஆகவே உச்சி வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

பாலைவனத்தில் வெப்பம் பாதைக்கும் எதிரி. தொடர்ச்சியாகப் பற்றவைத்த தண்டவாளம் 30 டிகிரி செல்சியஸ் சூடேறினால், தடையில்லாமல் விட்டால் ஒரு மைல் நீளம் அரை மீட்டருக்கு மேல் நீளும். நீள விடாமல் கட்டையும் ஜல்லியும் பிடித்துக்கொள்வதால் அந்த விசை இரும்புக்குள்ளேயே நிற்கிறது. ஒவ்வொரு தண்டவாளத்திலும் சுமார் 60 டன் அழுத்தம். கட்டை மாற்றுகிறோம் என்று ஜல்லியைக் கிளறிவிட்டுச் சரியாகத் திணிக்காமல் விட்டால், பிற்பகல் மூன்று மணிக்குப் பாதை பாம்பு மாதிரி பக்கவாட்டில் நெளிந்துவிடும். மொஹாவே பாலையில் கோடை நாட்களில் இரும்பு 60 டிகிரியைத் தொடும் இடங்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் இவர்கள். தங்கியது பக்கப் பாதையில் நிறுத்திய இரும்புப் பெட்டிகளில். அவை இரவிலும் லேசில் ஆறாது. முழு கேங்கும் நவாஹோவாக இருப்பது சாதாரணம். அண்ணன் தம்பி, மாமன் மைத்துனர், ஒரே தாய்க்குலத்தார் சேர்ந்து போவார்கள். கட்டளையும் கேலியும் நவாஹோ மொழியில். கூலி ஆளாகவே பலர் ஓய்வுபெற்றார்கள் என்பதையும் சொல்லாமல் இருக்கக் கூடாது; மேஸ்திரி, மெஷின் ஆபரேட்டர் பதவிகள் எட்டியது மெதுவாகத்தான்.

இப்போது சடங்குக்கு வரலாம். டினே மக்களின் நிலம் நான்கு மலைகளுக்கு உட்பட்டது. கிழக்கே கொலராடோவில் பிளாங்கா சிகரம், வெள்ளைச் சிப்பி மலை. தெற்கே நியூ மெக்சிகோவில் மவுண்ட் டெய்லர், பச்சைக்கல் மலை. மேற்கே அரிசோனாவில் சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள், அபலோன் சிப்பி மலை. வடக்கே கொலராடோவில் ஹெஸ்பரஸ், ஜெட் என்ற கருமணிக்கல் மலை. இதற்குள் இருக்கும்வரை தெய்வங்களின் காவல் உண்டு. வெளியே போவது ஆபத்து. சாண்டா ஃபே பாதையின் வரைபடத்தை எடுத்து இதன்மேல் வைத்துப் பாருங்கள்: அல்புகர்க்கியிலிருந்து மேற்கே வரும் ரயில் தெற்கு மலையின் அடிவாரத்தைத் தொட்டு உள்ளே நுழைகிறது, ஃபிளாக்ஸ்டாஃபில் மேற்கு மலைக்குக் கீழே ஓடி வெளியேறுகிறது. வேலைக்குப் போகிறவர் சன்னலோரம் உட்கார்ந்தால் எல்லை தாண்டும் நேரம் கண்ணுக்கே தெரியும்.

அதனால் கிளம்புமுன் ஆசிப்பாடல் சடங்கு ஒன்றை வைப்பார்கள். மாறும் பெண் என்ற தெய்வத்தாய் தந்ததாகக் கொள்ளும் இந்தச் சடங்குதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம். நோய் தீர்ப்பது இதன் வேலையில்லை. உள்ள சீரைக் கெடாமல் காப்பதே வேலை. இரண்டு இரவு. யூக்கா என்ற செடியின் வேரை நுரைக்கவைத்துத் தலையும் உடலும் கழுவுவார்கள். கடைசி இரவு முழுக்கப் பாட்டு, விடியலில் கிழக்கு நோக்கி வெளியே வந்து விடியலை உள்ளிழுப்பது. நான்கு மலைகளின் மண்ணை மான் தோலில் பொதிந்த மூட்டை அங்கே இருக்கும். தாதிதீன் எனப்படும் மக்காச்சோள மகரந்தத்தை நாக்கிலும் உச்சந்தலையிலும் தொட்டு, மிச்சத்தை முன்னால் தூவுவார்கள். நடக்கப்போகும் வழி அது. சிறு தோல்பையில் அந்த மகரந்தத்தை எடுத்துக்கொண்டு கேங்குக்குப் போவார்கள். விடிகாலை, பெட்டிக்கு வெளியே ஒரு சிட்டிகை, ஒரு சிறு பிரார்த்தனை. பக்கத்துப் பெட்டியில் இருப்பவருக்குத் தெரியக்கூட வேண்டியதில்லை.

ஆள் ஊரில் இல்லாமலும் சடங்கு செய்யலாம். இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து போன நவாஹோ சிப்பாய்களுக்கு அவர்களுடைய உடுப்பை வைத்தே வீட்டார் ஆசிப்பாடல் நடத்தியது நன்கு அறியப்பட்ட செய்தி. வீட்டில் இருக்கும் பெண்களின் கடமையும் சின்னதல்ல. கணவன் வேலையில் இருக்க, ஆட்டைப் பார்த்து, ஹதாலியைப் பேசி முடித்து, செலவுக்கு ஏற்பாடு செய்து, உறவினரைக் கூட்டுவது அவர்கள்தான்.

வேலையில் நேரும் ஆபத்துகளையும் சடங்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மின்னல், பாம்பு இரண்டும் சீர்கெடுத்தால் எய்தல் பாடல். கரடியோடு வந்த வினைக்கு மலைப் பாடல். எறும்புப் புற்றைக் கலைத்ததால் வந்த நோய்க்குச் செவ்வெறும்புப் பாடல்; பாதையோரம் தோண்டுகிறவருக்குப் புற்றைத் தவிர்ப்பது சுலபமல்ல. இறந்தவரின் ஆவியைப் பற்றிய அச்சம் இவர்களிடம் மிக ஆழமானது. பிணத்தைத் தொடுவதும், செத்தவரின் பொருளைப் புழங்குவதும், பியூப்ளோ எனப்படும் பழங்காலக் குடியிருப்புகளின் இடிபாடுகளில் கைவைப்பதும் கூடாது. ஆனால் ரயிலில் அடிபட்ட உடலைப் பார்க்க நேராத கேங்மேன் எந்த நாட்டிலும் குறைவு. நவாஹோவின் ஆவி என்றால் ஒரு சடங்கு, அயலாருடையது என்றால் பகைவர் பாடல் எனப்படும் வேறு சடங்கு. பழங்கால இடிபாட்டு மக்களும் அயலார் கணக்கில்தான் சேர்வார்கள். போரிலிருந்து திரும்பும் சிப்பாய்க்குச் செய்வதும் இதே பகைவர் பாடல்தான்.

எலும்பு முறிவு, சுளுக்கு, நசுங்கல் என்று விபத்துக் காயம் வந்தால் உயிர்ப் பாடல் வகைச் சடங்குகள். அவற்றில் முக்கியமானது சக்கிமுக்கிப் பாடல். நவாஹோ மொழியில் சக்கிமுக்கிக் கல்லுக்கு பேஷ் என்று பெயர். பிற்காலத்தில் இரும்பு வந்தபோது அதற்கும் அதே சொல்லை வைத்தார்கள். ஆக, காலை நசுக்கிய தண்டவாளமும் பேஷ். அந்தக் காலைக் குணமாக்கும் பாட்டும் பேஷ். இது தற்செயலான சொல் ஒற்றுமைதான், பெரிய தத்துவம் எதையும் இதில் ஏற்ற வேண்டாம். ஆனால் அந்த மொழியில் யோசிப்பவர் காதில் இது விழாமல் இருக்காது.

எந்தச் சடங்கு என்று நோயாளியே முடிவு செய்வதில்லை. அதற்கென்று கணிப்பவர்கள் வேறு. கை நடுங்கும் அசைவை வைத்துக் காரணம் சொல்பவர், நட்சத்திரத்தைப் பளிங்கு வழியாகப் பார்ப்பவர் என்று வகை உண்டு. அவர் காரணத்தைச் சொல்லி, இன்ன பாடல் வேண்டும் என்பார். பிறகுதான் அந்தப் பாடல் தெரிந்த ஹதாலியைத் தேடிப் போவது. முதுகு பிடித்துக்கொண்டால் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள், கணிப்பவரிடமும் போவார்கள். ஒன்று டிஸ்க் நகர்ந்ததைச் சொல்கிறது, இன்னொன்று ஏன் இவருக்கு, ஏன் இப்போது என்பதைச் சொல்கிறது. இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவர்கள் பொதுவாக நினைப்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் அந்தக் குழப்பம்.

நடைமுறையில் எல்லாம் சிக்கும் இடம் நாட்காட்டி. இரவுப் பாடல் போன்ற பெருஞ்சடங்குகள் 9 இரவு நடக்கும், அதுவும் முதல் உறைபனிக்குப் பின், பாம்பும் கரடியும் உறங்கும் குளிர்காலத்தில் மட்டும். பகைவர் பாடல் நேர் எதிர்: கோடையில், மூன்று நாள், ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு நகர்ந்து நடக்கும். கேங் வேலையோ வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். குளிரில் ஆட்களை நிறுத்திவிடுவார்கள். அதனால் குளிர்காலச் சடங்குகளுக்கு ரயில் வேலை இடைஞ்சல் செய்யவில்லை. வேலையின்மை உதவித்தொகை வரும் மாதங்களும் சடங்கு மாதங்களும் ஒன்றாக அமைந்தன. ஆலைக்கோ நகரத்துக்கோ நிரந்தர வேலைக்குப் போனவரை விட ரயில்காரருக்கு மரபைக் காப்பது சுலபமாக இருந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்பேன். உதவித்தொகை வாங்கும்போது மட்டும் ஒரு நிபந்தனை: கூப்பிட்டால் வேலைக்கு வரத் தயாராக இருக்க வேண்டும். சடங்கின் நடுவில் அழைப்பு வந்தால் திண்டாட்டம்.

கோடைச் சடங்குதான் அடி வாங்கியது. இன்றைய பெரிய கேங்குகளில் 8 நாள் வேலை, 6 நாள் விடுப்பு என்ற சுழற்சி உண்டு. கணக்கைப் பாருங்கள். ஆசிப்பாடல் இரண்டு இரவு. முடிந்தபின் 4 நாள் நோயாளி கட்டுப்பாட்டோடு அமைதியாக இருக்க வேண்டும்; குளிக்கக் கூடாது, கடும் வேலை கூடாது. மொத்தம் 6 நாள், சரியாகப் பொருந்துகிறது. ஆனால் வேலை நடக்கும் இடம் கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோ என்றால் காலப் வரை சுமார் 870 கி.மீ.; வண்டியில் போக ஒரு நாள், வர ஒரு நாள். இரண்டு நாள் உதைக்கிறது. எனவே சிலர் சடங்கைச் சுருக்குவார்கள், சிலர் விடுப்புக் கேட்பார்கள், சிலர் 4 நாள் கட்டுப்பாட்டை உடைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். கடைசியில் சொன்னதுதான் மிகப் பெரிய தவறு என்று ஹதாலி சொல்வார், ஏனென்றால் சடங்கின் வலு ஆளுக்குள் இறங்குவது அந்த நாட்களில்தான். 9 இரவும் பின் நாட்களும் சேர்ந்தால் கிட்டத்தட்ட இரண்டு வாரம். எந்தச் சுழற்சியிலும் அடங்காது. மேஸ்திரியும் நவாஹோவாக இருந்தால் சொல்லாமலே புரிந்துகொள்வார். இல்லாவிட்டால் 'சாமி கும்பிட இரண்டு வாரமா' என்ற கேள்விதான் வரும்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஹதாலிக்குக் கொடுக்காவிட்டால் சடங்கு பலிக்காது என்பது நம்பிக்கை. ஆடு, துணி, கூடை, நகை, ரொக்கம் என்று கலந்து கொடுப்பார்கள். அது தவிர வந்தவர்கள் எல்லோருக்கும் நாள் முழுக்கச் சாப்பாடு: ஆட்டிறைச்சி, சோளக் கூழ், எண்ணெயில் பொரித்த ரொட்டி, ஓயாமல் காபி, அடுப்புக்கு வண்டி வண்டியாக விறகு. பெருஞ்சடங்குக்கு நூற்றுக்கணக்கில் உறவினர் வருவார்கள். கே என்ற உறவுமுறைக் கடமையால் ஆளுக்கொன்று சுமந்து வருவது உண்மைதான். ஆனாலும் பெரிய பங்கு நோயாளியின் குடும்பத்துக்குத்தான். முன்பு இதையெல்லாம் மந்தை கொடுத்தது. மந்தை போனபின் சம்பளக் காசோலை அந்த இடத்துக்கு வந்தது.

காயம்பட்டவர் நஷ்டஈடு கேட்கும்போது இன்னொரு உரசல். அமெரிக்காவில் ரயில் தொழிலாளருக்குப் பொதுவான தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டம் கிடையாது. 1908-ம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, கம்பெனியின் கவனக்குறைவு ஒரு சிறு பங்காவது காரணம் என்று நிரூபித்தால்தான் பணம். தொழிலாளியின் பக்கமும் தவறு இருந்தால் அந்த விகிதத்தில் தொகை குறையும். வழக்குப் போட 3 ஆண்டு கெடு. இதற்கு என்ன வேண்டும்? நடந்த கோரத்தை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும், இனி நான் தேறமாட்டேன், இன்னின்ன வேலை செய்ய முடியாது என்று அடித்துச் சொல்ல வேண்டும். நவாஹோ மரபிலோ சொல்லுக்குச் செயல்வலு உண்டு. கெட்டதை வாய்விட்டுச் சொன்னால் அதை அழைத்ததாகிவிடும். மருத்துவர்கள் ஆபத்துகளை வெளிப்படையாக அடுக்குவதையே நவாஹோ நோயாளிகள் தீங்காக எண்ணுவதை 1995-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வு விரிவாகக் காட்டியது. விசாரணையில் 'இப்போது எப்படி இருக்கிறது' என்றால் 'பரவாயில்லை, நன்றாகிவிடும்' என்பார். கம்பெனித் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். சடங்கு முடியும்வரை புகார் எழுதாமல் தள்ளிப்போடுவதும் உண்டு. தாமதம் பொய்க்கு அடையாளமாகப் பார்க்கப்படும். மொழிபெயர்ப்பாளர் சொல்லை மட்டும் மாற்றினால் போதாது, 'மூன்றாம் ஆள் ஒருவருக்கு இப்படி ஆனால்' என்று கேட்டு வாங்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

பெயோட்டி என்ற கள்ளியை அருமருந்தாக உண்ணும் பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபையும் இந்தக் கதையில் உண்டு. நவாஹோ பழங்குடிச் சபை அதை 1940-ல் தடை செய்தது, 1967-ல்தான் அனுமதித்தது. அது பரவியதற்கு ஒரு காரணம் நேரம் என்று கருதுகிறேன். சனிக்கிழமை இருட்டியபின் கூடாரத்தில் தொடங்கி ஞாயிறு காலை உணவோடு முடிந்துவிடும்; 9 இரவு வேண்டாம், பாடலறிந்த ஹதாலி கிடைக்காத ஊரிலும் நடத்தலாம். 1994-ல் மத்தியச் சட்டம் பெயோட்டி வழிபாட்டுக்குப் பாதுகாப்புக் கொடுத்தபோதும், பொதுப் போக்குவரத்து போன்ற பாதுகாப்பு சார்ந்த வேலையில் இருப்பவர்கள் வேலைக்கு முன்னும் வேலையிலும் உண்பதற்கு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு வைத்தது. ரயில்காரர்கள் கவனிக்க வேண்டிய வரி அது. 2017 முதல் பாதைப் பராமரிப்புத் தொழிலாளரும் மத்திய அரசின் போதைப்பொருள் திடீர்ச் சோதனைக்குள் வந்துவிட்டார்கள். கிறிஸ்தவ சபைகளும் உண்டு. கத்தோலிக்கர் ஓரளவு விட்டுக்கொடுத்தார்கள், பெந்தெகொஸ்தே சபைகள் பழைய சடங்கைப் பேய்வேலை என்றே ஒதுக்கின. ஆனாலும் ஒரே குடும்பத்தில், ஏன், ஒரே ஆளிடமே மூன்றும் இருப்பதைப் பார்க்கலாம். எது பலித்ததோ அது.

கடைசியாக ஒரு பொருள். ரயில்வே கழித்துப்போட்ட பழைய ஸ்லீப்பர் கட்டைகள் நவாஹோ ஊர்களில் வீடாகிவிட்டன. ஹோகன் என்ற வட்டமான வீட்டை முன்பு ஜுனிப்பர் மரத்தால் கட்டினார்கள். பாதையோர ஊர்களில் நல்ல மரம் கிடைப்பதை விடக் கட்டை கிடைப்பது சுலபம். கட்டையின் நீளமே வீட்டின் அளவைத் தீர்மானித்தது: எட்டரை அடிக் கட்டையைப் படுக்கையாக அடுக்கி 6 பக்கம் வைத்தால் உள்ளே சுமார் 15 அடி அகலம், 8 பக்கம் வைத்தால் சுமார் 20 அடி. இடைவெளியை மண்ணால் பூசிவிடுவார்கள். கதவு எப்போதும் கிழக்கே. கிரியோசோட் நாற்றம் கோடையில் தலைவலி கொடுக்கும், மிஞ்சிய துண்டை அடுப்பில் வைத்தால் புகை நஞ்சு. மற்றபடி செல் அரிக்காது. மண் தரைதான் வேண்டும், ஏனென்றால் சடங்கன்று அதன்மேல்தான் வெண்ணிற ஜிப்சம், காவி, கரித்தூள், மகரந்தம் கொண்டு மணலோவியம் போடுவார்கள். ஓவியத்தின் நடுவில் நோயாளியை உட்காரவைப்பார்கள். பாட்டு முடிந்ததும், இருட்டுமுன், அந்த மணலை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள்.